இறுக்காத போல்ட்

இடது தோளில் ஆணி இறக்கியது போல வலி. முப்பது வருஷம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தே வேலை செய்தவனைக் குளிர்காலம் இப்படித்தான் பழிவாங்கும். இக்னாத் தோளில் ஆட்டுக்கொழுப்பைத் தேய்த்துக்கொண்டு, மனைவி எழுந்திருக்கும் முன்பே, காலை ஆறரை மணி இருட்டில் முற்றத்தைக் கடந்து பட்டறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டான். நேற்று நிறுத்திய இடத்திலேயே வேன் நின்றது. ஆனால் நேராக விட்டுப்போன முன்சக்கரங்கள் இரண்டும் இடது பக்கம் முழுக்கத் திரும்பிக் கிடந்தன.

தரை சரிவு, என்று சொல்லிக்கொண்டான். தரை சரிவில்லை. அதற்குச் சிமெண்ட் போட்டவனே அவன்தான்.

வேன் ஸ்தாமெனுடையது. ஸ்தாமென் செத்து இன்றோடு ஒரு வருஷம். போன வருஷம் இதே டிசம்பர் இருபதாம் தேதி, புனிதர் இக்னாத்தின் திருநாளன்று, சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது சுண்ணாம்புச் சூளை வளைவில் நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தான். பிரேக் அடித்த தடம் இருந்தது, திருப்பிய தடம் இல்லை. ரத்தத்தில் சாராயம் இருந்ததால் போலீஸ்காரன் அதையே எழுதிக்கொண்டு போனான். ஊரும் அதையே சொன்னது: குடிச்சிட்டு ஓட்டினான், போய்ச் சேர்ந்தான்.

ஸ்தாமெனின் மனைவி வெலிகா அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு ஒரு வருஷமாகக் கடைக்கும் கோயிலுக்கும் தலையைக் குனிந்தபடி போய்வந்தாள். நேற்றுத்தான் அவளுடைய தம்பி, நசுங்கிய பாடியைத் தட்டி நிமிர்த்திய வேனை டிரெய்லரில் ஏற்றி வந்து இறக்கினான்.

"பாடி வேலை, இன்ஜின் வேலை எல்லாம் தம்பி பாத்துட்டான் அண்ணே. ஸ்டீயரிங் மட்டும் கனமா இருக்கு, திருப்பினா முனகுது. அதைத் தொடமாட்டேங்கறான். நாளைக்கு வருஷம். அவருக்குப் படைக்கற வேகவெச்ச கோதுமைய எடுத்துட்டு நானே கல்லறைக்கு ஓட்டிட்டுப் போகணும். அவருக்கு உங்க கை மேலதான் நம்பிக்கை" என்றாள் வெலிகா.

கல்லறை கீழே இருக்கிறது. சூளை வளைவைத் தாண்டி.

இக்னாத் தலையை ஆட்டினான். வேறென்ன செய்வான். போகிற போக்கில் அவள் பையிலிருந்து ஸ்தாமென் படம் போட்ட ஓராண்டு நினைவுத் தாளை எடுத்துப் பட்டறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். கம்பம், கடை, பஸ் நிறுத்தம் என்று எல்லா இடத்திலும் ஒட்டுகிற தாள்தான். ஆனால் அந்தக் கதவில் அந்த முகம் அவனையே பார்த்தது.

இன்ஜினைப் போட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினான். முனகல். பவர் ஸ்டீயரிங் பம்ப் முனகுகிற முனகல்தான், ஆயிரம் தடவை கேட்டது. ஆயில் டப்பாவைத் திறந்தால் ஆயில் அடியில் கிடந்தது, மேலெல்லாம் பீர் நுரை மாதிரி நுரை. எங்கோ காற்று வாங்குகிறது. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான், நல்ல இறுக்கம். பம்ப்புக்குப் போகும் ஹோஸை விளக்கை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவியதில் கிளாம்ப் பக்கத்தில் ஒரு வெடிப்பு அகப்பட்டது. அதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வெட்கங்கெட்ட சிரிப்பு. ஹோஸ்தான்! அன்றைக்கே ஹோஸ் வெடித்திருக்கும், ஸ்டீயரிங் கல்லாகியிருக்கும், குடித்தவனுக்குத் திருப்பப் பலமில்லாமல் போயிருக்கும். ஹோஸுக்கு யார் என்ன செய்ய முடியும்?

ஒரு வருஷமாக அவன் ராத்திரி தூக்கத்தைத் தின்றது ஹோஸ் இல்லை. போல்ட்.

அன்றைக்கு ஸ்தாமென் விடியுமுன்பே வேனோடு வந்தான். திருநாளன்று வாசலில் முதலில் கால் வைப்பவன் கொண்டுவரும் ராசிதான் அந்த வீட்டுக்கு அந்த வருஷம் முழுக்க. வந்தவனை உட்கார வைத்து உபசரிக்க வேண்டும், சீக்கிரம் எழவிடக் கூடாது, எழுந்தால் கோழி அடைகாக்காது. இக்னாத் அப்போது அந்த வேனின் பெடலுக்கு மேலே தலையை நுழைத்து, ஸ்டீயரிங் தண்டு கீழ்த்தண்டோடு சேரும் ஜாயிண்டில் புது போல்ட்டை விரலால் திருகிக்கொண்டிருந்தான். ஸ்பேனர் வைத்து இறுக்கவேண்டியதுதான் பாக்கி. மனைவி வந்து கத்தினாள்: "முதல் கால் வெச்ச மனுஷன நிக்க வெச்சுட்டு அங்க என்ன நோண்டிக்கிட்டிருக்க?" எழுந்து போனான். பிளம் சாராயம், முட்டைக்கோஸ் ஊறுகாய், பன்றி வறுவல். புனிதரின் பெயரைக் கொண்டவன், அவனுக்கும் பெயர்த் திருநாளாயிற்றே, வருகிறவன் போகிறவன் எல்லாம் கிளாஸை நீட்டினான். சாயங்காலம் திரும்பிவந்து ஜாயிண்டின் மேல் மூடியை மாட்டி வண்டியை ஒப்படைத்தான். மாட்டியது நினைவிருக்கிறது. இறுக்கியது நினைவில் இல்லை.

வண்டி எப்படி இருந்தது என்று போலீஸ்காரன் கேட்டபோது, "சரியாத்தான் இருந்துச்சு" என்றான்.

அதன் பிறகு வந்தது அவன் வாழ்நாளிலேயே நல்ல வருஷம். வேலை குவிந்தது. ஸ்தாமெனின் கால் ராசியான கால்.

ஹோஸை மாற்றினான். ஆயில் ஊற்றினான். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, காற்றை வெளியேற்ற, இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது முறை மெதுவாகத் திருப்பினான். டப்பாவில் குமிழி வந்து வந்து நின்றது. சக்கரங்கள் சொன்னபடி கேட்டன, இடம், வலம், இடம். பார், இணைப்பு நன்றாக இருக்கிறது, போல்ட் அதன் இடத்தில் இருக்கிறது, நீ இறுக்கித்தான் இருக்கிறாய், மடையா. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்தது போல இருந்தது. திரும்ப இன்ஜினைப் போட்டான். பம்ப் சத்தமே இல்லை, பூனை மாதிரி ஓடியது.

இடது பக்கம் திருப்பினான்.

முனகியது.

இன்ஜினை அணைத்தான். குளிரும் உலோகம் கிட் கிட்டென்று சுருங்கும் ஒலியும், வெளியே கூரையிலிருந்து பனி சொட்டும் ஒலியும் தவிர எதுவும் இல்லை. திருப்பினான். முனகல் இன்ஜின் பக்கமிருந்து வரவில்லை. காலடியில், பெடலுக்கு மேலே இருந்து வந்தது. கனமான மூட்டையை ஒருத்தன் மூச்சை அடக்கித் தூக்கும்போது பல்லிடுக்கில் வருமே, அந்த மாதிரி. கூடவே ஒரு வாசனை மேலேறியது. ஈர மண். பிளம் சாராயம்.

மூடியைக் கழற்றக் கூடாது என்று நினைத்தான். கை கழற்றிக்கொண்டிருந்தது.

நாலு திருகாணி. மூடி வந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலையை உள்ளே நுழைத்தான். ஜாயிண்டின் துளை தெரிந்தது. துளை வழியாக வெளிச்சம் அந்தப் பக்கம் போனது.

போல்ட் இல்லை.

மேல்தண்டு ஜாயிண்டிலிருந்து கழன்று மேலே நின்றது. இரண்டுக்கும் நடுவே நாலு விரல்கடை இடைவெளி. வெறும் இடைவெளி. அவன் இடது கையைத் தூக்கி ஸ்டீயரிங்கை எட்டித் திருப்பினான். மேல்தண்டு சுழன்றது.

கீழ்த்தண்டும் சுழன்றது.

நடுவில் ஒன்றுமில்லை. சுழன்றது. டார்ச் பல்லில் ஆடியது. விரலை நீட்டினான். இடைவெளியில் வைத்தான். காற்று இல்லை அங்கே. சில்லென்று ஒன்று. தோல்.

டார்ச்சைச் சாய்த்தான். தெரிந்தது.

கை.

மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. அதற்கு மேல் இருட்டு. மேல்தண்டையும் ஜாயிண்டையும் சேர்த்து முறுக்கிப் பிடித்திருந்தது. மூட்டுகள் வெளுத்திருந்தன. நகத்தில் மண். மோதிர விரலில் பாதி இல்லை, மர அறுவை ஆலை தின்ற பாதி. ஊரில் அந்த விரல் ஒருத்தனுக்குத்தான்.

இக்னாத் கத்தவில்லை. பயத்தைவிடப் பெரியதாக ஒன்று வந்தது. தன் வேலையை வேறொருத்தன் ராத்திரி முழுக்க விழித்துச் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கிறவனின் வெட்கம் அது. ஸ்தாமென் ஒரு வருஷமாக விடாமல் பிடித்திருக்கிறான். அந்தக் கை நடுங்கியது, களைத்த கையின் நடுக்கம்.

மேசையிலிருந்து புது போல்ட்டையும் ஸ்பேனரையும் எடுத்துவந்தான். "விடு ஸ்தாமென். நான் போடறேன். இப்பப் போடறேன்" என்று முனகினான். துளைக்கு நேராக போல்ட்டைக் கொண்டுபோனான். விரல்கள் தளரவில்லை. ஸ்பேனரைப் பார்த்ததும் இன்னும் இறுகின. கட்டைவிரல் நகர்ந்து வந்து துளையை மூடிக்கொண்டது.

அந்தக் கை அவனை நம்பவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தானோ. முற்றத்தில் குரல் கேட்டது.

"என்ன வெலிகா, வாசல்லயே நிக்கற? உள்ள போ!" பக்கத்து வீட்டு லாம்போவின் குரல்.

"நான் புருஷன் செத்தவ. முதல் கால் நான் வெக்கக் கூடாதுண்ணே. நீங்க போங்க."

"அப்ப நான்தான் இந்த வருஷ ராசி! டேய் இக்னாத், கோழிங்க கிட்ட சொல்லிவை, லாம்போ உக்காந்தா எழுந்திருக்க மாட்டான்!" பாட்டிலோடு லாம்போ சிரித்துக்கொண்டே பட்டறைக்குள் வந்தான். பின்னால் கறுப்பு முக்காட்டில் வெலிகா, துணி கட்டிய கோதுமைப் பாத்திரத்தோடு. அவள் பின்னால் மேலும் நாலைந்து பேர்.

லாம்போ முதல் ஆள் இல்லை. முதல் கால் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. இக்னாத் ஜாக்கியை இறக்கி, மூடியை எடுத்து மாட்டினான். நாலு திருகாணி. போன வருஷத்தைப் போலவே.

"என்னடா பேயறஞ்ச மாதிரி இருக்க? வயசாயிடுச்சு உனக்கு. இந்தா, ஒரு மடக்கு ஊத்திக்க."

"வெலிகா, வண்டி இன்னிக்கு வேண்டாம்மா. திருநாளன்னிக்கு வீட்டுலருந்து எதுவும் வெளிய போகக் கூடாது" என்றான் இக்னாத்.

"அது உப்புக்கும் நெருப்புக்கும்ணே. வண்டி என்னோடது." அவள் வேனுக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு விரலால் திரும்பியது. முனகல் இல்லை. அவள் முகம் கலங்கியது. ஜன்னல் வழியாக, எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டாள்: "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு வண்டியில ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா? இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவங்க முன்னாடி சொல்லுங்க. குடிகாரன் பொண்டாட்டின்னு கேட்டுக் கேட்டு காது புண்ணாப் போச்சு."

லாம்போ பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்தான். எல்லோரும் இக்னாத்தைப் பார்த்தார்கள். அவன் வெலிகாவின் செருப்பைப் பார்த்தான். பெடல் மேல் இருந்தது. அதற்கு மேலே, மூடியின் விளிம்பில், மண்படிந்த ஒரு நகம்.

"சரியாத்தான் இருந்துச்சு" என்றான்.

வெலிகா தலையைக் குனிந்துகொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

மூடுபனி விலகியிருந்தது. முற்றத்திலிருந்து பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் சாலை இறங்கி, சூளை வளைவில் இடது புறம் மடிவது முழுக்கத் தெரியும். இக்னாத் ஓடினான். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கத்த வாய் திறந்தது. பின்னால் கிளாஸ்கள் உரசும் சத்தம். கத்தவில்லை. வேன் வளைவை நெருங்கியது. ஓட்டுநர் ஜன்னலில் வெலிகா தெரிந்தாள். புருஷன் விழுந்த இடத்தைப் பார்த்ததும் அழுகை வெடித்திருக்க வேண்டும், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இரண்டு கையாலும்.

வேன் இடது பக்கம் திரும்பியது. நிதானமாக, கோட்டைத் தாண்டாமல் திரும்பியது.

"பாத்தியாடா, வெண்ணெய் மாதிரி திரும்புது!" லாம்போ அவன் வலிக்கிற தோளில் அறைந்தான்.

போல்ட்டை நான் இறுக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இக்னாத் வெலிகாவுக்குத் தர வேண்டியிருந்தது. இன்னும் தரவில்லை.