நான்காவது துடிப்பு

மதியம் இரண்டு மணிக்கு இதய வார்டுக்குள் போனேன். பழைய கட்டடம். சுவரெல்லாம் ஈரம், பினாயில் வாடை. ஒயரிங்கை எவனோ கடமைக்குச் செய்திருந்தான். நான் வயர்மேன், எங்கே போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் வெளியே போனதில்லை.

ஏழாம் கட்டிலில் என் மனைவி. கழுத்து வழியாக ஒரு மெல்லிய ஒயர் உள்ளே போயிருந்தது. மறுமுனை தலைமாட்டில் இருந்த சின்னப் பெட்டியில். அதில் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர்களை நான் நம்புவதில்லை. இந்தப் பெண் டாக்டர் மட்டும் எனக்குப் புரிகிற மாதிரி பேசினாள்.

“ஐயா, இதயத்துக்கு நடுவுல ஒரு தசைச் சுவர். துடிக்கச் சொல்ற கரண்ட் அதுக்குள்ளதான் ஓடுது. அட்டாக்குல சுவர் செத்துடுச்சு, லைனும் கூடவே போச்சு. அதான் நாலுல ஒரு துடிப்பு விட்டுப்போகுது. இப்ப வெளியிலேர்ந்து லைன் குடுத்திருக்கோம்.”

“அப்ப சரியாயிடுமா?”

“கரண்ட் நாங்க குடுக்கலாம். தசை வாங்கிக்கணுமே. பெட்டியைப் பாக்காதீங்க, முகத்தைப் பாருங்க.”

“என் நெஞ்சுல ஒயரிங் பண்ணது இவர் இல்லையே? அப்ப பொழச்சுக்குவேன்” என்றாள் என் மனைவி.

என் உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினாள். “நேத்து வரைக்கும் மூணு அடிக்கும், ஒண்ணு காணாமப் போகும். இப்ப பாருங்க.”

டொக். டொக். டொக். டொக்.

டாக்டர் போனபின் நான் பெட்டியையே பார்த்தேன். டெஸ்டரைப் போலத்தான், விளக்கு எரிந்தால் லைனில் உயிர் இருக்கிறது. நாற்பது வருடம் அதை நம்பிப் பிழைத்தவன். பக்கத்து மானிட்டரிலும் துடிப்பு எழுபது.

தட்டுவது நின்றது. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

அவள் கை குளிர்ந்தது.

விளக்கு மினுக்கியது.

நர்ஸ் ஓடி வந்தாள். “பெரியவரே, எவ்வளவு நேரமா இப்படி இருக்காங்க?”

“லைட் எரியுதேம்மா. எழுபதுன்னு காட்டுதே.”

“அது பெட்டி அனுப்புறது. மானிட்டர் அதைத்தான் எண்ணுது, நெஞ்சை இல்ல.”

டாக்டரும் ஓடி வந்தாள். நெஞ்சை அமுக்கினார்கள். அரை மணி நேரம். “இன்னும் கொஞ்சம் அமுக்குங்கம்மா, கால்ல விழறேன்” என்றேன். விழவும் விழுந்தேன். டாக்டர் பெட்டியை அணைத்தாள். என் மனைவியைப் போர்வையால் மூடினார்கள்.

நான் சுவரோரம் தனியாக நின்றேன்.

உள்ளங்கையில் டொக் என்றது.

“டாக்டர்... தட்டறா.”

“உங்க கை நடுங்குது ஐயா. உக்காருங்க.”

எட்டு நாளாயிற்று, தட்டுவது நிற்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தேன். என் நாடியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சேரவில்லை. இன்று வீட்டு மெயினை அணைத்தேன். ஃபியூஸைப் பிடுங்கினேன். அடுக்களையில் உட்கார்ந்து டெஸ்டரை உள்ளங்கையில் வைத்தேன்.

எரிந்தது.

மூன்று முறை எரிந்தது. நான்காவது முறை இல்லை. மறுபடி மூன்று.

பெட்டிக்கு நாலில் ஒன்றை விட்டுத் துடிக்கத் தெரியாது. இது அவளேதான்.

எதிரில் பினாயில் வாடை. நிமிர்ந்தால் அவள் முகம் தெரியும். அதைத்தான் டாக்டர் பார்க்கச் சொன்னாள்.

நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.