இருக்கையில் ஆள் உண்டு

மதியம் இரண்டு மணிக்கே கல்குவாரி இருட்டிக் கிடந்தது. வரலாமா வேண்டாமா என்று மழை பாறை விளிம்பில் யோசித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் காரை நிறுத்தி, மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். பெரிய வண்டிகளின் எலக்ட்ரானிக் கோளாறைக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் வேலைத்தளங்களில் எல்லோருக்கும் அவர் டாக்டர்.

பாறை தோண்டும் எக்ஸ்கவேட்டர் நீளக் கையைத் தரையில் ஊன்றி நின்றிருந்தது. தொப்பையும் சிரிப்புமாக அதன் ஆபரேட்டர் எதிரே வந்தார்.

"வாங்க டாக்டர். இந்த வண்டிக்கு என்னைக் கண்டாலே ஆகல. நான் உக்காந்தா செத்துப்போகுது. எந்திரிச்சா உயிர் வருது."

"சீட் சுவிட்சா இருக்கும்."

"வீட்டுலயும் அதே கதைதான். நான் வந்து உக்காந்தா அவ எந்திரிச்சுப் போயிடறா. அவளுக்கு எந்த சுவிட்ச் மாத்தணும்னும் பாத்துச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே கேபின் கதவில் கை வைத்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

கைப்பிடிக்குக் கீழே, புதுப் பெயின்ட்டுக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல்.

"இது எங்க வாங்கின வண்டி?"

"செகண்ட் ஹேண்டுதான். ஏன், முகமே வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க."

அந்த நசுங்கல் எப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் இந்த வண்டியை ஓட்டியவர் அவருடைய தங்கை கணவர். பல்வலிக்கு எந்நேரமும் கிராம்பு அடக்கிக்கொண்டிருப்பார். வண்டியை அசைக்கும் முன் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் பைக்கில் அதே இரண்டு ஹாரன். அதைக் கேட்டுத்தான் தங்கை கதவைத் திறப்பாள்.

ஆள் எழுந்தால் லிவர்கள் வேலை செய்யாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் சீட்டுக்கு அடியில் சுவிட்ச். அன்று அந்த சுவிட்ச் பழுதாகி, ஆள் உட்கார்ந்திருக்கும்போதே வண்டியை நிறுத்தி நிறுத்தி வைத்தது. புது சுவிட்ச் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். டாக்டர் சுவிட்சைத் தாண்டி ஒரு துண்டு வயரால் டைரக்ட் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சீட் காலியாக இருந்தாலும் ஆள் இருப்பதாகவே வண்டி நம்பியது.

"மச்சான், இது ஆபத்து இல்லையா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"ஒரு வாரந்தானே மாப்ள."

மறுநாள் கண்ணாடிச் சேற்றைத் துடைக்க அவர் எழுந்து கதவுக்கு வெளியே சாய்ந்தார். சட்டை லிவரில் மாட்டியது. வண்டி சுழன்று, கதவையும் அவரையும் பாறையோடு வைத்து நசுக்கிவிட்டது.

விசாரணைக்கு வருபவர்களுக்கு முன்பே டாக்டர் போய், வண்டியின் கோளாறுப் பதிவை அழித்தார். கேட்டபோது, "மாப்பிள்ளையே டைரக்ட் கொடுத்திருப்பார், அவருக்கு எப்பவும் அவசரம்" என்றார். தங்கை அதை நம்பினாள். புருஷன் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டாள். "என்னை நட்டாத்துல விட்ட மனுஷன்" என்பாள். "நீ இல்லன்னா எங்க கதி என்னண்ணா?" என்று அண்ணனுக்குச் சோறு போடுவாள்.

அந்தச் சோறு மூன்று வருஷமாக அவருக்குத் தொண்டையில்தான் நின்றது.

கேபினுக்கு வெளியே நின்றபடியே மடிக்கணினியை இணைத்தார். திரையில் எழுத்து வந்தது. 'இருக்கையில் ஆள் உண்டு.'

சீட் காலி.

சீட்டைத் தூக்கினார். டைரக்ட் வயர் எதுவும் இல்லை. சுவிட்ச் புதிது. அதன் இணைப்பையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

'இருக்கையில் ஆள் உண்டு.'

பதிவைத் திறந்தார். ஒரே ஒரு வரி. சீட் சுவிட்ச் வயர்கள் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டுள்ளன. வண்டி அதுவரை ஓடிய மணிநேரம்: 4812.

அவர் வயரை முறுக்கிய அதே நேரம். அவரே அழித்த வரி.

மறுபடி அழித்தார். வந்தது. அழித்தார். வந்தது. வண்டியின் பேட்டரியைத் துண்டித்தார். இணைப்பு அறுந்து அந்த வரி மறைந்திருக்க வேண்டும்.

மறையவில்லை.

கேபினிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. சீட்டின் மெத்தை, யாரோ மெல்ல உட்காருவதுபோல, அமுங்கியது.

"மாப்ள... சொல்லிடறேன். இன்னிக்கே அவகிட்ட சொல்லிடறேன்."

அந்த வரி தானாக மறைந்தது.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது ஆபரேட்டர் வந்தார். உட்கார்ந்தார். வண்டி சாதுவாக ஓடியது.

"கைராசின்னா இதான் டாக்டர்! என்ன கோளாறு?"

"ஈரம்," என்றார் டாக்டர்.

வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். மனம் அதைப் பிடித்துக்கொண்டது. குவாரிச் சாலையின் இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார். ஈரம்தான். இப்போதுதான் அவள் ராத்திரியில் கொஞ்சம் தூங்குகிறாள். ஆறின புண்ணைக் கிளறி யாருக்கு லாபம்?

பீப். பீப்.

காரின் முகப்பில் சிவப்பு விளக்கு. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

பீப். பீப். பீப்.

பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது. ஆனால் பெல்ட் சீட்டோடு படியவில்லை. ஒரு மார்பின் அகலத்துக்கு முன்னே தள்ளி நின்றது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டார். அப்போது ஹாரன் அடித்தது.

இரண்டு முறை.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஈரக்கையோடு தங்கை ஓடிவந்து கதவைத் திறந்தாள். மூன்று வருஷமாகக் காணாத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்து, அண்ணனைக் கண்டதும் அணைந்தது.

"ஏண்ணா அப்படி அடிச்ச? அந்த மனுஷன் அடிக்கிற மாதிரி..."

"நான் அடிக்கலம்மா." அவர் தொண்டையில் மூன்று வருஷச் சோறு அசைந்தது. "அந்த வயரை அவர் மாட்டல. நான்தான் மாட்டினேன்."

அவள் பார்வை உள்ளே, பரண் பக்கம் திரும்பியது.

அவருக்குப் பக்கத்தில் பெல்ட் க்ளிக்கென்று கழன்றது. சாவி அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. ஆனாலும் முகப்பில் அந்தச் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது: இருக்கையில் ஆள் இன்னும் உண்டு.