கேட்காமல் விட்ட மாப்பு

கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் யாரோ கதவைத் தட்டினார்கள்.

பதருன்னிசா துடைப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் நிலை மட்டும்தான் நின்றது. அதற்கு அப்பால் புதுப்பட்டினத்துத் தெரு, அந்தி வெளிச்சம், படுத்து அசைபோடும் ஒரு மாடு. ஆள் யாரும் இல்லை. ஆனால் கேட்டது மரத்தில் விழுந்த கைதான். அந்தப் பர்மாத் தேக்கின் கட்டைக் குரல் அவளுக்குத் தெரியாதா? புது வீடு கட்டும் ஜானகிராமன் என்பவர் மத்தியானம்தான் நாலு ஆளை வைத்து அதைத் தூக்கிக்கொண்டு போனார். இந்நேரம் வண்டி திருக்கழுக்குன்றம் பக்கம் போயிருக்கும்.

பக்கத்து வீட்டில் உரல் இடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு மறுபடி பெருக்கினாள். பெருக்குவதற்கும் ஒன்றும் இல்லை. வீடு கைமாறியாயிற்று. வாங்கியவர் இதை இடித்து உப்புக் கிடங்கு கட்டப் போகிறார். கட்டில் ஒருவருக்கு, அண்டா ஒருவருக்கு, பீங்கான் கோப்பைகள் இன்னொருவருக்கு என்று எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது ஓர் அரிக்கேன் விளக்கு, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் மாற்றுத் துணியும், வழியில் உயிர் போய் மவுத்தானால் போர்த்துவதற்கு ஆளுக்கொரு கபன் துணியும். அவள், கணவர் நூர்முகமது, அவருடைய விதவை அக்கா அக்தர் பேகம் மூன்று பேரும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். இன்றிரவு மாட்டுவண்டியில் செங்கல்பட்டு, அங்கிருந்து ரயில், பம்பாயில் கப்பல். நயா பைசா வந்த வருஷம் அது. திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நூர்முகமது கருவாட்டுக் கடையையும் விட்டுவிட்டார். பிள்ளை குட்டி இல்லாதவர்களுக்குச் சொத்து எதற்கு?

போவதற்கு முன்னால் ஊரில் ஒவ்வொருவரிடமும் மாப்புக் கேட்க வேண்டும். யார் மனத்தையாவது நோகடித்திருந்தால் அவர் வாயாலேயே மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். ஆண்டவன் தனக்குச் செய்த குற்றத்தை மன்னிப்பான், அடுத்தவனுக்குச் செய்ததை அடுத்தவன்தான் மன்னிக்க வேண்டும். அது இல்லாமல் போனால் மக்காவரை போனது வெறும் ஊர்சுற்றல்தான். பதருன்னிசா ஒரு வாரமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். கத்தரிக்காய்ச் சண்டைக்குக்கூட மாப்புக் கேட்டாள். சிரித்தார்கள், அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள்.

இன்று காலையில் நூர்முகமது கேட்டார்.

"பதுரு, மீன்காரக் குப்பத்துக்குப் போய் வந்தியா?"

"வந்துட்டேங்க."

"செங்கல்வராயனப் பாத்தியா? பாவம், பொண்டாட்டி புள்ளையப் பறிகுடுத்தவன்."

"பாத்தேன். மாப்பு பண்ணிட்டேன்னாரு."

பொய். ஹஜ்ஜுக்குப் போகிற அன்றைக்கே வாய்கூசாமல் சொன்ன பொய். குப்பத்து எல்லைவரை போனாள். செங்கல்வராயன் வலை பிரித்துக்கொண்டிருந்தான். செய்த தப்பை வாய்விட்டுச் சொல்லித்தான் மாப்புக் கேட்க வேண்டும் என்பது முறை. அவனிடம் என்னவென்று சொல்வாள்? காலைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு அது குறுகுறுக்கவில்லை, அறுத்தது.

மறுபடி தட்டினார்கள்.

இந்தத் தடவை உரல் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. வெறும் நிலைக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத காற்றில், நெஞ்சு உயரத்தில், உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். நூர்முகமது மக்ரிபு தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார், அக்தர் பேகம் அடுத்த வீட்டில் சாரதாம்பாளிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். பதருன்னிசா விளக்கை ஏற்றினாள். குச்சி இரண்டு தடவை அணைந்தது. காற்று அசையவே இல்லை, ஆனாலும் கூடத்தில் கடல் மணம் வந்தது. நல்ல நாளில் வருகிற உப்புக்காற்று இல்லை இது. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றிலும் சவுக்கு வேரிலும் கிடந்து ஊறுமே, அந்த நாற்றம்.

போன வருஷத்து ஐப்பசிப் புயல் அன்று இதே கூடத்தில் இதே நாற்றம். நூர்முகமது பட்டணத்துக்குப் போயிருந்தார். தெருவில் தண்ணீர் ஏறி வாசல்படியைத் தொட்டபோது குப்பத்துச் செங்கல்வராயன் பொண்டாட்டி சந்திரம்மா கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாள். தினம் மீன் கொண்டுவருகிறவள். உள்ளே ரங்கூன் ஜமக்காளமும் பட்டுப் பெட்டிகளும் தரையெல்லாம் பரத்தி இருந்தன. திறந்தால் தண்ணீர் வரும். இவளைத் தொடர்ந்து குப்பமே வரும். பதருன்னிசா தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்துவிட்டாள். கதவடியில் கம்பளியைத் திணித்தாள்.

"பாயம்மா, நா வர்ல. புள்ளைய மட்டும் வாங்கிக்கோ. புள்ளைய மட்டும்."

காதைப் பொத்திக்கொண்டாள். தட்டுகிற சத்தம் முதலில் மேலே கேட்டது, பிறகு இடுப்பளவில், பிறகு வாசற்படியோரம் நகம் பிராண்டுகிற மாதிரி. பிறகு அலை.

விடிந்ததும் சவுக்குத் தோப்பில் சந்திரம்மாவின் பிணம் கிடைத்தது. குழந்தை கிடைக்கவே இல்லை. ஜமக்காளத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதைத்தான் போன வாரம் யாரோ பேர் தெரியாத கல்யாண வீட்டுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தாள்.

காற்றில் விழுந்த கை இப்போது இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

பதருன்னிசா பின்னால் நகர்ந்தாள். சுவர் முதுகில் பட்டது. ஓடிப்போய்ச் செங்கல்வராயன் காலில் விழுந்துவிடலாம். இப்போதே. ஆனால் அதற்கு அந்த நிலையைத் தாண்ட வேண்டும்.

படியோரம் பிராண்டல்.

பிறகு நின்றது.

நிலைக்கு உள்ளே, தரையில், ஈரமான ஒரு கால்தடம். அதற்கு முன்னால் இன்னொன்று. பெருக்கிய தரையில் சேறு. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தடம் மட்டும் வந்தது. அவளுக்கு எதிரே நின்றது.

"ஊரெல்லாம் மாப்பு கேட்டுகினு வந்தியாமே பாயம்மா. எங்கிட்ட கேக்கலியே."

கோபம் இல்லாத குரல். மீன் விலை சொல்கிற குரல்.

"கேக்கறேன்," என்றாள் பதருன்னிசா. "கதவத் தொறக்கல. சாமான் நனைஞ்சிடும்னு தொறக்கல. உங்கொரலு கேட்டுது, கேட்டுகினே நின்னேன். மாப்பு பண்ணிடு சந்திரம்மா. அல்லாவுக்காக மாப்பு பண்ணிடு."

தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"பண்ணிட்டேன்."

பதருன்னிசாவுக்கு அழுகை பொங்கியது. ஆண்டவனே, ஆண்டவனே என்றாள்.

"அப்ப வாங்கிக்கோ," என்றது குரல்.

அவள் கை தானாக நீண்டது. ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கையில் கனம் விழுந்தது. ஜில்லென்று, வழுவழுவென்று. சின்னக் கால்கள் இரண்டும் இடுப்பைச் சுற்றிப் பின்னிக்கொண்டன. குனிந்து பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முந்தானை மட்டும் நனைந்துகொண்டே வந்தது.

சேற்றுத் தடங்கள் திரும்பி வெளியே போயின. போகும்போது லேசான தடங்கள்.

வண்டி வந்தது. தெருவே திரண்டு வந்தது. நூர்முகமது பெட்டியை ஏற்றினார். பெண்கள் வரிசையாக வந்து பதருன்னிசாவைக் கட்டிக்கொண்டார்கள். கட்டியவள் ஒவ்வொருத்தியும் திடுக்கிட்டு விலகித் தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, தொப்பலா நனைஞ்சு கீறே?" என்றாள் சாரதாம்பாள்.

பதருன்னிசா ஒரு கையாலேயே வண்டியில் ஏறினாள். இன்னொரு கையை இறக்க முடியவில்லை.

"கைய ஏன் அப்டி வச்சிகினு கீற?" என்றார் நூர்முகமது.

"சும்மாதாங்க."

வண்டி செங்கல்பட்டு ரோட்டில் திரும்பியது. அக்தர் பேகம் கண்ணை மூடி ஓதத் தொடங்கினாள். இருட்டில், ஈரத் தலை ஒன்று பதருன்னிசாவின் தோளிலிருந்து மெல்லக் கீழே நழுவி, பசித்த குழந்தை தேடுகிற மாதிரி அவள் மார்பைத் தேடிப் பிடித்தது. அதன் வாயெல்லாம் மணல்.