திரும்பாத வரிசை

செண்பகம் வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கோபத்தோடு வருகிறவர்களுக்கு நாற்காலி ஓர் இடைஞ்சல்தான். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூட்டுக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில், ஜோதிலட்சுமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் பேசட்டும் என்று காத்திருந்தார். கடல் ஆய்வுக்கூடம் ஒன்றில் பல காலம் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டுத் துப்பறிய வந்தவர் அவர். யாரையும் அவசரப்படுத்தும் பழக்கம் இல்லை.

விஷயம் இதுதான். செண்பகம் கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் சமையல் செய்பவள். அடையாற்றின் வடகரையில் அவள் குடியிருக்கும் அம்மாசித் தோட்டத்தைக் காலி செய்து, அத்தனை குடும்பங்களையும் ஊருக்கு வெளியே அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. போன மழையில் தோட்டம் ஆள் உயரத் தண்ணீரில் மூழ்கியது என்று ‘நதிமுகம்’ என்ற தனியார் நிறுவனம் வெள்ள வரைபடத்தோடு அறிக்கை கொடுத்திருந்தது. படத்தில் தோட்டம் கருநீலம். எதிரே தென்கரையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி மனையோ வெள்ளை வெளேரென்று இருந்தது. மறுநாள் விசாரணை. அதில் ஆட்சேபம் எடுபடாவிட்டால் வீடு போனது போனதுதான்.

“எங்க தெருவுல கணுக்கால் தண்ணிதான் வந்துச்சு,” என்றாள் செண்பகம். “முழுகினது எதிர்க்கரை. அங்க கீற வாட்ச்மேனை நாங்கதான் கயிறு கட்டி இஸ்துக்கினு வந்தோம். இப்ப படத்தைக் காட்டி நீ முழுகிட்டேன்றான். அப்ப நான் இன்னா, பொணமா?”

ஜோதிலட்சுமியின் உதவியாளர் யாசிர் நாற்பதைத் தாண்டியவர். டீ ஆறுவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார்; அது யாரென்பதுதான் அடிக்கடி மாறும். பில்டர் வேலைதான், கேஸ் முடிந்தது என்று அவர் அறிவித்தார்.

“முடிஞ்சா சந்தோஷம்,” என்றார் ஜோதிலட்சுமி. “படத்தோட வடக்கு ஓரத்துல மெல்லிசா ஒரு நீலக் கோடு இருக்கே, அது என்னன்னும் சொல்லிடுங்க.”

பிரிண்டர் கோளாறு என்றார் யாசிர். செண்பகம் குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில்தான் தங்கள் குளம் இருக்கிறது என்றாள். ஆனால் இது குளம் மாதிரி இல்லை, பாவாடை நாடா மாதிரி இருக்கிறது என்றும் சொன்னாள்.

அறிக்கையோடு நிறுவனம் தரவுக் கோப்பையும் இணைத்திருந்தது. யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். ஜோதிலட்சுமி கணினியில் நாலு வரி நிரல் எழுதி அதைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக எண்கள். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஓர் எண்ணாக, வடக்கு ஓரத்தில் தொடங்கித் தெற்கு ஓரம் வரை அடுக்கியிருந்தார்கள். அப்படி இரண்டு அடுக்குகள்: ஒன்று தரையின் உயரம், மற்றது தேங்கிய தண்ணீரின் ஆழம். இரண்டையும் படமாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

யாசிருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வடகரை மேடு, தென்கரை பள்ளம். தண்ணீர் பள்ளத்தைத் தொடாமல் மேட்டில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

அன்று பிற்பகலே மூவரும் அடையாறில் இருந்த நதிமுகம் அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். செண்பகத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்று யாசிர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவள் அதற்குள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

நதிமுகத்தில் அந்தக் கோப்பைத் தொட்டவர்கள் மூன்று பேர். ஃபிசா அதை உருவாக்கியவள். உருவாக்கியவர் என்று கோப்பிலேயே அவள் பெயர் இருந்தது. நிரஞ்சன் மென்பொருள் பிரிவின் தலைவன். வெளியே அனுப்புமுன் கடைசியாகச் சரிபார்ப்பவர் இயக்குநர் சாய்நாத். ஜோதிலட்சுமி மூவரையும் தனித்தனியே பார்த்து, பலதும் கேட்டுவிட்டு, போகிற போக்கில் ஒரே ஒரு கேள்வியை எல்லாரிடமும் கேட்டார். வடக்கு ஓரத்து வரிசைக்கு என்ன எண்?

பூஜ்யம் என்றாள் ஃபிசா. பூஜ்யம்தான், வேறு என்ன இருக்க முடியும் என்று நிரஞ்சன் திருப்பிக் கேட்டான். சாய்நாத் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“ஒண்ணு. இந்தக் காலத்துப் பசங்க பைதான்ல நிரல் எழுதறவங்க, பூஜ்யத்துல ஆரம்பிப்பாங்க. நாங்க ஃபோர்ட்ரான்னு பழைய கணினி மொழியில வளர்ந்தவங்க மேடம். ஒண்ணுலதான் ஆரம்பிப்போம். இப்பவும் கடைசிக் கை என்னோடதுதான்.”

உலகமே ஒன்றிலிருந்துதான் எண்ணுகிறது, இதில் என்ன இருக்கிறது என்று யாசிர் வராந்தாவில் முணுமுணுத்தார். அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜோதிலட்சுமி எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்தார்.

அவர் இரண்டு படங்களையும் திரையில் காட்டியதும் நிரஞ்சனுக்கு முகம் வெளுத்தது. இதெல்லாம் சகஜம் என்றான். சிலர் தெற்கிலிருந்து எழுதுவார்கள், சிலர் வடக்கிலிருந்து படிப்பார்கள், படம் தலைகீழாக வந்துவிடும். ஆறு நடுவில் நேர்கோடாக ஓடுவதால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

“அப்படின்னா கோப்பை எழுதினவங்க தப்பு,” என்றார் சாய்நாத். “ஃபிசா, நீ வேலையை விட்டுட்டுப் போறது நல்லது.”

ஃபிசா எழுந்து நின்றாள். “நான் போகமாட்டேன் சார். நான் எழுதின கோப்பு சரியாத்தான் இருந்தது. அசல் என் மடிக்கணினியில இருக்கு.”

“உட்காரும்மா, அதைத் திற,” என்றார் ஜோதிலட்சுமி. “படிக்கிற நிரல் தலைகீழாப் படிச்சிருந்தா தரையும் தலைகீழா வந்திருக்கும். தரை சரியா இருக்கு. தண்ணியை மட்டும் திருப்பியிருக்காங்க. அதுவும் முழுசாத் திருப்பலை. வடக்கு ஓரத்துல ஒரே ஒரு வரிசை மட்டும் இருந்த இடத்துலயே நிக்குது. இவங்க ஊர்க் குளத்தோட மேல் விளிம்பு அது. மிச்சக் குளம் தெற்கு ஓரத்துக்குப் போயிடுச்சு.”

“நாடா,” என்றாள் செண்பகம்.

“நாடாதான். முதல் வரிசையிலேருந்து கடைசி வரை திருப்புன்னு சொல்ல நினைச்சவர் ஒண்ணுலேருந்து திருப்புன்னு எழுதிட்டார். பைதான்ல முதல் வரிசை பூஜ்யம். அது எந்த எச்சரிக்கையும் தராம, சொன்னதை மட்டும் செஞ்சுது. பூஜ்யமாவது வரிசை திரும்பவே இல்லை. தினம் பூஜ்யத்துல எண்ணுறவங்களுக்கு இந்தப் பிசகு வராது.”

ஃபிசா இதற்குள் அசலைத் திறந்து, தண்ணீர் அடுக்கை ஒன்றிலிருந்து திருப்பி, வெளியே போன கோப்போடு ஒப்பிட்டிருந்தாள். இரண்டுக்கும் ஓர் எண்கூட வேறுபடவில்லை என்றாள். எல்லார் பார்வையும் சாய்நாத் பக்கம் போனது.

படம் தலைகீழாக இருப்பதாக நினைத்துச் சரி செய்தேன் என்றார் அவர்.

“சரி செய்யறவர் தரையையும் சேர்த்துத் திருப்பியிருப்பார்,” என்றார் ஜோதிலட்சுமி. “பள்ளத்துல கட்டற வீட்டைத் தண்ணி ஏறாத இடம்னு விக்கணும்னா தண்ணியை மட்டும் திருப்பினாப் போதும்.”

தென்கரை அடுக்குமாடியைக் கட்டுகிறவர்களும் தங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள்தான் என்று நிரஞ்சன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கேஸ் முடிந்தது என்று காலையிலேயே சொன்னேனே என்பதுபோல யாசிர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சாய்நாத் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு குரலை இறக்கி, புதிய கோப்பை இன்றே அனுப்பிவிடலாம் என்றார். கோப்பில் யார் என்ன மாற்றினார்கள் என்று பதியும் வரலாற்றுக் குறிப்பில் ‘தொழில்நுட்பப் பிழை, திருத்தப்பட்டது’ என்று ஃபிசா எழுதிவிடட்டும். தோட்டத்துக்காரர்களுக்கும் வேலை ஆகிவிடும், யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி செண்பகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

ஃபிசாவின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. செண்பகம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பிழைன்னு எழுதாதம்மா. பிழைன்னா நாளைக்கு இன்னொரு பிழை வரும், நாங்க மறுபடி முழுகிப் போவோம். திருப்பினாருன்னு எழுது. அவர் பேரைப் போட்டு எழுது. எழுதி முடிக்கிற வரைக்கும் நான் இந்த எடத்தை வுட்டு ஏந்திரிக்க மாட்டேன்.”

அப்படியெல்லாம் எழுத முடியாது என்றார் சாய்நாத்.

“எழுத முடியும் சார்,” என்றாள் ஃபிசா. ‘தண்ணீர் ஆழத்தைத் திருப்பியவர்’ என்று தொடங்கி, அவர் பெயரை முழுசாக, முன்னெழுத்தோடு தட்டினாள்.