மூன்றாவது வில்லை

தண்ணீருக்கடியில் குகை இரண்டாகப் பிரியும் இடத்தில், வழிக்கயிற்றில் மூன்று பிளாஸ்டிக் வில்லைகள் தொங்கின. இரண்டுதான் இருக்க வேண்டும். ஒன்று ரோண்டா இப்போது மாட்டியது. விளிம்பில் அரத்தால் ராவிய வெட்டுள்ளது டுவேனுடையது. அதை மாட்டிவிட்டு அவன் இடப்பக்கக் குகைக்குள் முன்னால் நீந்திப் போய்விட்டான். மூன்றாவதில் பெயர் இல்லை. வெகுநாள் தண்ணீரில் கிடந்த சோப்பு போல வழவழத்து வெளுத்திருந்தது.

டில்லிஸ் ஊற்றுக்குள் இறங்குகிறவர்கள் பிரிவு வரும்போது கயிற்றின் வாசல் பக்கத்தில் தங்கள் வில்லையை மாட்டிவிட்டுப் போவார்கள். திரும்பும்போது கழற்றிக்கொள்வார்கள். கண் தெரியாமல் கலங்கிப் போனாலும், கையால் தடவி, தன் வில்லை இருக்கும் பக்கம்தான் வாசல் என்று அறிந்துகொள்ளலாம். வில்லை தொங்கும்வரை அதற்குரியவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் அடுத்தவர் வில்லையை யாரும் தொடுவதில்லை. எத்தனை வருஷம் ஆனாலும் தொடுவதில்லை.

ரோண்டா தொட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவள். பழைய கயிற்றை அறுத்துப் புதுக்கயிறு கட்டும் வேலையில் ஆறு நாளாக ஊறிக்கிடக்கிறாள். கண்ட குப்பையை எல்லாம் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். காலையில் கையெழுத்துப் புத்தகத்தில் இவர்கள் இருவர் பெயர்தான். குப்பை என்றே நினைத்துக் கழற்றித் தொடைப்பையில் போட்டாள்.

உள்ளேயிருந்து யாரோ பிடித்துப் பார்த்தது போலக் கயிறு ஒருமுறை விறைத்துத் தளர்ந்தது. டுவேன் முடிச்சுப் போடுகிறான் என்று எண்ணிக்கொண்டாள்.

காலையில் இவர்கள் இறங்கும்போது, சுவானி ஆற்றோரத்து மரப்படியில் கால்களைத் தண்ணீரில் விட்டபடி, நடீன் அவித்த நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நடீன் ரோண்டாவின் தங்கை. டுவேனின் மனைவி.

“அக்கா, இன்னையோட முடிஞ்சுதுல்ல? இந்தக் கெழவன முழுசாக் கொண்டாந்து குடுத்துடு.”

“முழுசான்னா? அந்த வயித்தையும் சேத்தா?”

டுவேன் கையுறையை இழுத்து மாட்டினான். “உங்கக்காவ நான்தான் தூக்கிட்டு வரணும். தரையில நொண்டுறா. தண்ணியில மட்டும்தான் கொமரி.”

“போய்யா.”

“வந்ததும் மூணு தட்டு தட்டுங்க, காப்பிய ஊத்துறேன்,” என்றாள் நடீன். “ரெண்டு பேரும் வந்தாத்தான் கடலை.”

திரும்பும் வழியில், இருபது அடி ஆழத்தில் கிடக்கும் சைப்ரஸ் மரக்கட்டையை எட்டியதும் சிலிண்டரைக் கத்திப்பிடியால் மூன்று முறை தட்டுவார்கள். இருவரும் நலம் என்று அதற்குப் பொருள். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

இப்போது குகைக் கடைசியில் பழைய கயிற்றை டுவேன் உருவினான். அதோடு கூரையிலிருந்து களிமண் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அவனுடைய விளக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, இல்லாமல் போனது. ரோண்டா தன் விளக்கை முகக்கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். கொழகொழவென்ற செம்மண் நிறம் மட்டுமே தெரிந்தது. கயிற்றை இடக்கையால் வளைத்துப் பிடித்துக் காத்திருந்தாள். பயத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது. கட்டைக்குப் போனாலும் நாற்பது நிமிடம் தொங்க வேண்டும். நேரே மேலேறினால் இரத்தம் நுரைத்துவிடும். அதன்பின் படி, அதன்பின் வண்டி, அதன்பின் முழங்காலுக்குத் தைலம்.

ஒரு கை வந்து அவள் முழங்கைக்கு மேல் பிடித்தது. முன்னால் தள்ளியது. கண் தெரியாத இடத்தில் கைதான் பேச்சு: தள்ளினால் போ, அழுத்தினால் நில். அப்பாடா என்று அவள் நகர்ந்தாள்.

சுண்ணாம்புப் பாறை தோளை உரசியது. வாயில் ரப்பர் கசந்தது. அவள் விட்ட மூச்சு குமிழிகளாகக் கூரையில் மோதி, தகரத்தில் கூழாங்கல் உருள்வது போலக் கடகடத்து ஓய்ந்தது. டுவேன் விடும் மூச்சும் அப்படித்தான் கேட்கும். கனத்த ஆள், இரட்டைச் சத்தம் வரும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஒன்றும் உருளவில்லை.

சேறு காதை அடைத்திருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். கை தள்ளியது. போனாள்.

பிரிவு வந்தது. விரலால் தடவினாள். இரண்டு வில்லைகள். தன்னுடையதைக் கழற்றி இடுப்பு வளையத்தில் மாட்டிக்கொண்டாள். டுவேன் தன்னுடையதை எடுக்கட்டும் என்று நின்றாள். கை அவள் முழங்கையைவிட்டு விலகியது. கயிறு அதிர்ந்தது. பிளாஸ்டிக் கழலும் ‘டிக்’. கை திரும்பி வந்தது.

இப்போது அவசரமாகத் தள்ளியது.

வாசலருகே ஊற்று கலங்கலை அடித்துக்கொண்டு போயிருந்தது. நீலவெளிச்சம். கட்டை. அவள் அதைப் பற்றிக்கொண்டு காற்றுமானியைப் பார்த்தாள். கட்டையில் காத்திருக்கப் போதும். திரும்ப உள்ளே போகப் போதாது. அந்த எண்ணம் ஏன் வந்தது என்று தெரியாமலே திரும்பினாள்.

முதலில் கை தெரிந்தது. கையுறை இல்லை. ஊறி வெளுத்த விரல்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே, விளிம்பில் வெட்டுள்ள வில்லை.

டுவேனுடையது.

சிலிண்டர் இல்லை. முகக்கண்ணாடி இல்லை. குமிழி இல்லை.

அது வில்லையை அவள் உள்ளங்கையில் வைத்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடியது. பிறகு மேலே பார்த்தது.

மேலே, படியோரம், நடீனின் இரண்டு பாதங்கள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன.

அதற்குக் கட்டையில் காத்திருக்கும் வேலை இல்லை. மெதுவாக ஏறத் தொடங்கியது.

ரோண்டா கத்தியை உருவிச் சிலிண்டரில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். பாதங்கள் நின்றன. பிறகு குதூகலமாய்த் தண்ணீரை உதைத்தன.

இரத்தம் நுரைத்தால் நுரைக்கட்டும். அவள் கட்டையை விட்டாள்.

அப்போது உள்ளே, குகையின் வெகு ஆழத்தில், இரும்பில் இரும்பு பட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நிதானமாக. கயிற்றில் தன் வில்லை எந்தப் பக்கம் என்று தடவித் தேடிக்கொண்டே தட்டும் ஓர் ஆளின் தட்டல்.

மேலேயும் கீழேயும் இல்லாமல் அவள் தொங்கினாள். டுவேனின் வில்லை கையில். பெயரில்லாதது தொடைப்பையில்.

வெளிச்சத்தைக் கிழித்துக்கொண்டு நடீனின் கை தண்ணீருக்குள் நீண்டது. விரல்களில் கடலைத்தோல் ஒட்டியிருந்தது. ஏறி வருகிறவரைத் தூக்கிவிட, உள்ளங்கை விரிந்து காத்திருந்தது.