பச்சைப் பட்டன்

பட்டன் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. மத்தியானம் குடோனில் கழற்றியபோதே அப்படித்தான் இருந்தது. இரும்பு அப்படித்தான் இருக்கும் என்று சவரிராயன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். திண்டிவனத்தின் மழைக்காலப் புழுக்கத்தில் கடைத்தெருவெல்லாம் சுற்றி, வியர்த்து, டீ குடித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்க்கிறான், அவன் உடம்புச் சூடு ஒரு பொட்டுகூட அதில் ஏறவில்லை. பை இருந்த இடத்தில் சட்டை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டான்.

ஹாலில் மாதா படத்துக்குக் கீழே ஆள் உயரத்துக்கு நின்றது வீடியோ கேம் பெட்டி. மேடை போடும் பிளைவுட்டை அறுத்து, பழைய மானிட்டரை உள்ளே வைத்து, மகள் ஆஷ்லினுக்காக அவனே செய்தது. எல்லாம் அமைந்துவிட்டது, ஆன் ஆஃப் பண்ணத்தான் ஒன்றும் இல்லை. ஆஷ்லின் விளையாடி முடித்ததும் பிளக்கைப் பிடுங்குவாள். பிடுங்கிப் பிடுங்கி மெமரி கார்டு ஒன்று செத்தே போனது. விழுப்புரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் மணிமாறன்தான் வழி சொன்னார். உள்ளே இருக்கும் சின்ன போர்டிலிருந்து இரண்டு ஒயர், முனையில் ஒரு பட்டன். அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃப். அவ்வளவுதான் வேலை.

அந்த மாதிரிப் பட்டன் அவர் கடையிலேயே டப்பா நிறைய இருந்தது. சவரிராயன் வாங்கவில்லை. கஞ்சன் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். பந்தல், நாற்காலி, பிணம் வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன், அவன் குடோனில் இல்லாத சாமானா? பழுதாகிக் கிடந்த ஒரு ஃப்ரீசர் பாக்ஸில் அச்சு அசலாக அதே மாதிரி பச்சைப் பட்டன் இருந்தது. எத்தனையோ சாவு வீட்டில் அவன் விரலே அழுத்தியதுதான், அதில் என்ன இருக்கிறது.

ஒயரை முறுக்கும்போது போன் அடித்தது. மனைவி சகாய பிரியா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடிந்துதான் வருவாள்.

"பட்டன் மாட்டிட்டீங்களா? புள்ள போன் மேல போன் பண்ணிக்கினு இருக்கா."

"மாட்டிக்கினே இருக்கேன்."

"எங்க வாங்கினீங்க?"

"மணிமாறன் கடையிலதான்."

பொய் தானாக வந்தது. சாவு வீட்டுக்குப் போய்வந்த சாமான் குடோனைத் தாண்டி வீட்டுக்குள் வரக் கூடாது என்பது கல்யாணமான புதிதில் அவள் போட்ட ஒரே சட்டம். ஒரு பட்டனுக்கெல்லாம் சட்டமா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனை வைத்தான்.

அழுத்தினான். திரை எழுந்தது. ஆஷ்லின் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, "சூப்பர்ப்பா" என்றாள். அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுப்படியில் தோசைக்கல்லைப் போட்டான். வீட்டை ஒட்டிய குடோனின் தகரத்தில் மழை கொட்டும் சத்தம், விளையாட்டின் கீச்சுக் கீச்சு, கல்லில் மாவு பொரியும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், முதலில் காதுக்குக்கூட எட்டாமல் தரை வழியாகப் பாதத்தில் ஏறி வந்த ஒரு ரீங்காரம். ம்ம்ம் என்று ஒரே சீராக. அவனுக்கு அது தெரியும். ஒப்பாரி ஓய்ந்து சனங்கள் அசந்து சாய்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் கேட்கும் கம்ப்ரஸர் சத்தம். கேம் பெட்டியில் கம்ப்ரஸர் கிடையாது. ஒரு ஃபேன்கூடக் கிடையாது.

ஹாலுக்கு வந்தான். வதங்கிய சம்பங்கியும் மலிவான சென்ட்டும் கலந்த வாடை. திரைமேல் பனி படிந்திருந்தது. துண்டால் துடைத்தான். போகவில்லை. பனி கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

"குளிருதுப்பா."

"போதும், ஆஃப் பண்ணிடலாம்."

பட்டனை அழுத்தினான். திரை அணைந்தது. ரீங்காரம் உடனே நிற்கவில்லை; மெல்லத் தேய்ந்து, ஒரு குலுக்குக் குலுக்கி, நின்றது.

"எடுத்துக்கலாம்."

சொன்னது அவன்தான். சாமியார் ஜெபம் முடித்ததும் எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பட்டனை அழுத்துவான், சத்தம் அடங்கும் வரை நிற்பான், பிறகு, உடலைத் தூக்கலாம் என்று உறவுக்காரர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்வான். வருஷக்கணக்கான பழக்கம். கை அழுத்தியதும் வாய் சொல்லிவிட்டது.

"என்னாப்பா எடுக்கணும்?"

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்டது. இன்னொருவர். பின்னாலேயே நாலைந்து பேர்.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். மழை. விளக்கு வெளிச்சம். ஆளும் இல்லை, செருப்பும் இல்லை. கதவு தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. சத்தமோ கதவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. வெறுங்கால்கள். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. தூக்க வருகிறவர்களின் நடை.

ஓடிப்போய்ப் பட்டனை அழுத்தினான்.

ரீங்காரம் எழுந்தது. கால்கள் நின்றன.

ஆஷ்லினின் தலை பெட்டிமேல் சாய்ந்திருந்தது. உதடு நீலம். கன்னத்தைத் தொட்டான். பட்டனின் அதே குளிர்.

"ஆஷ்லின். பாப்பா."

"குளிருது." கண்ணைத் திறக்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினான். திரை போனது. ரீங்காரம் போகவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து இரண்டு ஒயரையும் வெட்டினான். போகவில்லை. ஒயர் அறுந்து நின்ற பட்டனை அழுத்தினான்.

நின்றது.

பிள்ளைக்கு மூச்சு சூடாக வந்தது. பின்னால் கால்கள் நகர்ந்தன.

அழுத்தினான். கால்கள் நின்றன. அவள் இமை முடியில் வெள்ளையாக ஏதோ பூத்தது.

ஆன் பண்ணினால் பிள்ளை உறைகிறாள். ஆஃப் பண்ணினால் அவர்கள் வருகிறார்கள். அவனுக்கு அழுகை வந்தது. அவள் வாயிலிருந்து வரும் மூச்சுப் புகை மெலிந்துகொண்டே இருந்தது. யோசிக்க நேரமில்லை. என் பிள்ளை. தூக்குவதானால் நான் தூக்குகிறேன். அடுப்படி வழியாகப் பின்வாசல், ஓடிவிடலாம்.

அந்த வார்த்தை மறுபடி வந்துவிடாமல் நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டான். அழுத்தினான்.

சத்தம் தேய்ந்தது. குலுங்கியது. அடங்கியது.

அவளுக்குப் பின்னால் நின்று இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினான்.

எடை பாதிதான் இருந்தது.

கால் தொங்கவில்லை. ஸ்டூலை விட்டு மேலெழுந்து, முழங்கால் நீண்டு, இரண்டு கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டு, அவன் நெஞ்சு மட்டத்துக்கு நேராக நின்றது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. பாவாடை ஓரம் மட்டும் அங்கங்கே விரல் அழுந்தினாற்போல் குழிந்திருந்தது. முன்கதவின் தாழ்ப்பாள் தானாக விலகியது.

கால் முன்னால் போக, ஆஷ்லின் வாசலை நோக்கி நகர்ந்தாள். உயிரோடு இருந்தாள், அவள் மூச்சு அவன் மணிக்கட்டில் சுட்டது. அவன் இழுத்துப் பார்த்தான். அவர்கள் கை தளரவில்லை. விட்டுவிட்டால் முழுசாக அவர்களிடம் போய்விடுவாள். அதனால் விடவில்லை. தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் நடைக்குத் தன் நடையைச் சேர்த்து, சவரிராயனும் மழையில் இறங்கினான்.