இரவல் பெயர்

காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்த முதல் ஆள் தையல் மெஷினைக் கொண்டுவரவில்லை, சண்டையைக் கொண்டுவந்தார். முன்பணம் கட்டியும் ஏன் யாரும் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டார். மெக்கானிக் அக்கா விழித்தாள். அவள் யாரிடமும் முன்பணம் வாங்குவதே இல்லை. அவர் தன் போனை நீட்டினார்.

அவளுடைய இணையதள முகவரிதான். பக்கம் மட்டும் அவளுடையது அல்ல. ‘கம்பெனியின் நேரடி சர்வீஸ் சென்டர்’ என்று தலைப்பு. கீழே யாருடையதோ வங்கிக் கணக்கு.

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. எல்லாம் நேற்று வந்த போனால் வந்த வினை.

ஊரறிந்த ஒரு கம்பெனியின் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவள் அவள். கணவன் கப்பல் வேலைக்குப் போனபின் கடையைத் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்கள் தேடி வரட்டும் என்று அந்தக் கம்பெனியின் பெயரையே முன்னால் வைத்து முகவரி பதிந்து கொடுத்தவன் அவள் கொழுந்தன். நேற்றுப் பேசியவன் தன்னைக் கம்பெனி வக்கீல் என்றான்.

“எங்க பேரைத் திருடி வச்சிருக்கீங்க. பச்சை மெஷின் படத்துல எங்க முத்திரை வேற பளிச்சுன்னு தெரியுது. முகவரியை இப்பவே ஒப்படைக்கலைன்னா கைதுதான்.”

பயந்துபோனவள், போனில் வந்து விழுந்த ரகசிய எண்ணை அவன் கேட்டதும் படித்துச் சொல்லிவிட்டாள். அதன்பின் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்துப் பேனர் கடைக்காரர் வந்தார். தான் அச்சடித்துக் கொடுத்து, மூலையில் சுருட்டியபடியே கிடந்த பேனரை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். போலீசுக்குப் போனால் முதலில் அவளைத்தான் உள்ளே தள்ளுவார்கள் என்றார். கொழுந்தன் ஏன் கண்ணிலேயே படவில்லை என்றும் மெல்லக் கேட்டுவைத்தார்.

அந்தக் கேள்வி அவளை முள்ளாய்த் தைத்தது. பாஸ்வேர்ட் தெரிந்தவன் கொழுந்தன் ஒருவன்தான். வீட்டுக்குள்ளேயே திருடனா? வக்கீலைவிட அந்த நினைப்புதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பணம் இழந்தவரோ அதற்குள் புகார் கொடுத்துவிட்டார். மதியம் இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒரு கான்ஸ்டபிளுடன் வந்து இறங்கினார். தன் மாமியார் வீட்டுக்குப் போயிருந்த கொழுந்தனும் செய்தி கேட்டு ஓடிவந்தான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சொன்னதையெல்லாம் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். ரகசிய எண் வந்த செய்தியையும் வாங்கிப் படித்தார்.

“இது பாஸ்வேர்ட் மறந்தவங்களுக்கு வர்ற எண்.”

“ஆமாங்க.”

“பாஸ்வேர்ட் தெரிஞ்ச உங்க கொழுந்தன் எதுக்கும்மா இந்த எண்ணைக் கேக்கணும்?”

அக்கா நிமிர்ந்தாள். இதுகூடத் தோன்றவில்லையே.

“உங்க பழைய பக்கத்துல பச்சை மெஷின் எங்க இருந்துச்சு?”

“அதுல கறுப்பு மெஷின்தாங்க. பச்சை மெஷினை வாசல் பேனருக்காக எடுத்தோம்.” சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. “இன்னும் அந்தப் பேனரைப் பிரிக்கவே இல்ல.”

“வக்கீல் பாக்க வழியே இல்லாத படம். உங்க ரெண்டு பேரைத் தவிர அதைப் பாத்தது, அச்சடிச்சவர்தான்.”

பேனர் கடைக்காரர் எழுந்தார். வாசலை அடைத்தாற்போல் கான்ஸ்டபிள் நின்றிருந்தார். வக்கீலாய்ப் பேசியது தன் சகலைதான் என்பதை, ஸ்டேஷனுக்குப் போகுமுன்பே அவர் கக்கிவிட்டார்.

அக்காவுக்கு மூச்சு திரும்பியது. இன்ஸ்பெக்டர் போகாமல் நின்றார்.

“வக்கீல்தான் பொய்யும்மா. அவன் சொன்னது முழுசும் பொய் இல்ல. இந்த மெஷினை ரிப்பேர் பண்றோம்னு சொல்றது வேற, அவங்க பேரையே முகவரியா வச்சுக்கறது வேற. இது கம்பெனிக் கடைன்னு நம்பித்தானே அந்த மனுஷன் பணம் கட்டினார்? நாளைக்கு நிஜ வக்கீலே வரலாம்.”

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தலை எறிந்த கதைதான். சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லாமல் கடை நடத்தியிருக்கிறாள்.

“உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்ப்பா,” என்றாள் கொழுந்தனிடம்.

“விடுங்க அண்ணி. அந்தப் பேரை வச்சது நான்தானே.”

முகவரி திரும்பி வந்தாலும் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். கம்பெனிக்காரர்களாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தால் தினம் தினம் சாக வேண்டும். அக்கா கம்பெனி அலுவலகத்தின் எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், யார் பேசுவது என்று கேட்டது.

வாயில் வந்த கம்பெனிப் பெயரை விழுங்கிவிட்டு, அக்கா முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரைச் சொன்னாள்.